கல்லாறு, கரமனை, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி

எங்கள் கரமனையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்திக்குக் காத்து நிற்கும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "அந்த வெளிநாட்டுக்காரன் இத்தன ஊரையும் விட்டுட்டு நம்ம திருவனந்தபுரத்துக்கு எதுக்காக்கும் வந்தான்?" என்று கேட்பார். கேட்ட வாயாலேயே பதிலும் சொல்லிவிடுவார். "சம்பளம் கொறச்சலு, அல்லே? வேற என்ன?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சம்பளம் குறைவு என்று வருகிறவன், இன்னும் குறைவான இடம் கிடைத்த மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவான். அப்படி வந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாடி முழுக்க நாற்காலி போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, படமெடுத்து, பிறகு ஒரு நாள் அதே நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. சொந்தப் பணத்தைப் போட்டு, சொந்தப் பெயரில் கதவைத் திறந்து, வந்த இடத்தில் தங்கிவிடுகிறவர்களைப் பற்றி. அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதல்ல. என் கம்பெனியைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

என் கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கழக்கூட்டம் பக்கத்து ஐ.டி. பார்க்கில் ஒரு கூடம், இரண்டு அறைகள், வாசலில் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நரம்பு வழியாக மருந்தை அளந்து ஏற்றுகிற சிறிய கருவி ஒன்று உண்டு. கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருப்பார்கள், அவ்வப்போது பீப் பீப் என்று கூப்பிடும். ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுக் கம்பெனி அதைச் செய்கிறது. அதற்குள் இருக்கும் மென்பொருளை அவர்கள் மாற்றும்போதெல்லாம், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அது எங்களிடம் வரும். நாங்கள் கருவிகளை வரிசையாக ஓடவிட்டு, குழாயை மடக்கி, மின்சாரத்தை அணைத்து, எப்படியெல்லாம் தொல்லை கொடுக்கலாமோ அப்படியெல்லாம் கொடுத்து, எங்கே தப்புகிறது என்று பார்ப்போம். குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. எனக்கு அது பிறவியிலேயே வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கூடத்தில் பாதிப்பேர் மலையாளிகள். மீதிப்பேர் என்னைப் போல, நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் எப்போதோ வந்து இங்கேயே வேர்விட்ட தமிழர்கள். பேச்சு இரண்டும் கலந்த ஒரு அவியல். ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருப்பவள் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். கருவியின் மோட்டார் சத்தத்தில் ஒரு இழை மாறினாலும் தலையைச் சாய்த்துவிடுவாள். நல்ல பாட்டுக்காரி என்பதால் அந்தக் காது என்று நினைக்கிறேன்.

கோளாறுகளுக்கு ஊர்ப்பெயர் வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்ததும் அவள்தான். உடல்நிலை மோசமான நோயாளிக்கு ஒரே குழாயில் இரண்டு கருவிகளை இணைப்பார்கள். சில சமயம் மேலே இருக்கும் கருவி சற்றுத் தயங்கும். கீழே இருப்பதன் திரையில் எல்லாம் சுகம். கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் தேங்கிய மருந்து முழுவதும் ஒரேயடியாகக் கீழே பாயும். முதல் தடவை இதைப் பார்த்தபோது வலியசாலைக்காரி, "இது கல்லாறுன்னா!" என்றாள். பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாற்றில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருக்கும், தலைக்கு மேல் நல்ல வெயில். கரையோரக் கடைக்காரர் ஓடிவந்து ஏறு ஏறு என்று கத்துவார். மேலே மலையில் மழை பெய்திருக்கும். கரையேறி முடிப்பதற்குள் ஆறு வந்துவிடும்.

அன்றிலிருந்து அந்தக் கோளாறுக்குப் பெயர் கல்லாறு. கருவிகள் ஒன்றுக்கொன்று வழிவிடக் காத்து எல்லாமே நின்றுபோனால் அது கிழக்கேகோட்டை, சாயங்கால பஸ் ஸ்டாண்டு மாதிரி. இப்படி இன்னும் பல. யாராவது ஒருவர் பெயரைச் சொன்னால் போதும், யார் ஓட வேண்டும், யார் குழாயைப் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கம்பெனிக்கு எழுதும்போது கல்லாறு என்று எழுத முடியுமா? அங்கே எல்லாவற்றுக்கும் நம்பர். ஆங்கிலத்தில் ஒரு நம்பரும், 'மருந்தின் ஓட்டத்தில் அவ்வப்போது ஏற்றத்தாழ்வு' என்று ஒரு வரியும் போகும். அவர்கள் அங்கே ஓடவிட்டுப் பார்த்து, 'இங்கே வரவில்லை' என்று மூடிவிடுவார்கள். நாங்கள் மறுபடி அனுப்புவோம், அவர்கள் மறுபடி மூடுவார்கள். காட்டில் எறித்த நிலாதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. கம்பெனி இனிமேல் சோதனை வேலையை வெளியாருக்குக் கொடுக்கப்போவதில்லை. ஏதாவது ஒரு வெளிநாட்டில் சொந்தமாக ஒரு லேப் கட்டப்போகிறது. மூன்று ஊர்கள் பரிசீலனையில் இருந்தன: பெங்களூர், கிழக்காசியாவில் ஒரு ஊர், பிறகு நாங்கள்.

என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். வேறு ஊருக்குப் போனால் எங்களுக்கு வேலை இல்லை, கூடம் காலி. இங்கேயே வந்தால் என் ஆட்களை அவர்கள் நேராக எடுத்துக்கொள்வார்கள், எனக்கு வேலை இல்லை. எப்படியும் என் பெயர்ப்பலகை இறங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. என்னிடம் இருந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். புருஷனுக்கு இங்கே வேலை, பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம், மாமியாருக்கு இங்கே வைத்தியம். பெங்களூரில் லேப் திறந்தால் ஒருத்தியும் போக மாட்டாள். இத்தனை வருஷம் சேர்ந்து பழகிய கூட்டம் ஆளுக்கொரு கடையில் கணக்கெழுதப் போய்விடும். பலகை போனால் போகட்டும், கூடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் ஆகாது.

முதலில் ஆலோசகர் வந்தார். பெங்களூர்க்காரர், நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். எந்த நாட்டில் பணம் போடலாம் என்று கம்பெனிகளுக்குச் சொல்வதுதான் அவர் தொழில். திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். சம்பளம், வரிச்சலுகை, விமானம், மின்சாரம், ஆங்கிலம், கட்டட வாடகை. நல்லது பச்சை, சுமார் மஞ்சள், மோசம் சிவப்பு. எங்கள் ஊருக்கு விமானத்திலும் மின்சாரத்திலும் சிவப்பு.

"மின்சாரம் ஏன் சிவப்பு?"

"ஜெனரேட்டருக்கு மாறும்போது ஒரு நொடி வெட்டுகிறது. மேடம் கவனித்ததில்லையா?"

கவனித்ததுதான். விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு விமானத்துக்கு வந்தேன்.

"கோயில் ஊர்வலத்துக்காக ஏர்போர்ட்டையே மூடுகிறார்களாமே," என்றார். நகரத்து ஆட்கள் கிராமத்துக் கிணற்றைப் பார்க்கிற சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் இருந்தது.

உண்மைதான். ஆறாட்டு நாளில் எங்கள் பெருமாள் கிழக்கேகோட்டைக் கோயிலிலிருந்து சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார். ஏர்போர்ட் வருவதற்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் வழி. அதனால் ஓடுபாதையின் குறுக்கே நடந்து போவார். அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் விமானங்கள் காத்திருக்கும்.

"சார், சாமி எந்த நாள் வருவார்னு பஞ்சாங்கத்துல இருக்கு. எந்த விமானம் தள்ளிப்போகும்னு முன்னாடியே சொல்லியாச்சு. உங்க ஊருல மழ பெஞ்சா எந்த ரோடு எப்ப மூடும்னு எந்தப் பஞ்சாங்கத்துல பாக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் விமானத்துக்குப் போட்டிருந்த சிவப்பை மஞ்சளாக்கினார். மின்சாரத்தின் சிவப்பு அப்படியே இருந்தது.

அடுத்து, முடிவெடுக்க வேண்டியவரே நேரில் வருவதாகச் சேதி வந்தது. என் வயது இருக்கும் ஒரு அம்மாள். அந்தக் கருவியின் பழைய மாடல்களை வடிவமைத்தவரே அவர்தான். இப்போது கம்பெனி எங்கே பணம் போடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தார். அவர் வருவதற்கு முன்னால் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒரு கட்டளை போட்டேன். "ஊர்ப்பேரு ஒண்ணும் வாயில வரப்பிடாது. நம்பர் மட்டும். இங்கிலீஷ் மட்டும். கல்லாறு, கோட்டைன்னு யாராவது சொன்னீங்க, பொறவு நடக்கது வேற."

"சேச்சி, நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றாள் வலியசாலைக்காரி.

"படிச்சிட்டு வாங்க."

பெரிய கம்பெனிக்காரர்கள் ஒழுங்கைத்தான் விரும்புவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். இதுபோன்ற எண்ணங்கள் எனக்கு நிறைய உண்டு, எல்லாவற்றையும் உரத்த குரலில்தான் சொல்வேன்.

அந்த அம்மாள் வந்தது ஆறாட்டு நாளாகவே அமைந்துவிட்டது. சாயங்காலம் ஓடுபாதையை மூடுவதால், அப்போது வர வேண்டிய விமானம் காலையிலேயே வந்து சேர்ந்தது. கைகுலுக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே கடவுளுக்காக விமானம் காத்திருக்குமாமே?" நான் சண்டைக்குத் தயாராகி, "ஆமாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்," என்றேன். அவர் சிரித்தார். "எங்கள் ஊர் ரயில் அதைக்கூடச் செய்வதில்லை," என்றார். பின்னால் நின்ற ஆலோசகரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கூடத்தில் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார்கள். நான் அந்த அம்மாளை வரிசை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் வலியசாலைக்காரி தலையைச் சாய்ப்பது என் கண்ணில் பட்டது. எதிர் வரிசையில் மேல் கருவி தயங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே பாயப்போகிறது. அதற்குள் குழாயைக் கழற்றி அளவுக் குடுவைக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் பாய்ந்ததற்குச் சாட்சியே இருக்காது.

என் கட்டளைப்படி அவள் ஆங்கிலத்தில் ஒரு நம்பரைச் சொன்னாள். யாரும் அசையவில்லை. அவளுக்கே அந்த நம்பரில் சந்தேகம் வந்து இன்னொன்றைச் சொன்னாள். கீழ்க் கருவிக்குப் பக்கத்தில் நின்ற மலையாளிப் பையன் விருந்தாளியைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றான். இன்னொருத்தி நம்பரை நினைவுக்குக் கொண்டுவர உத்தரத்தைப் பார்த்தாள். வலியசாலைக்காரி என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னை விட்டுவிட்டாள்.

"கல்லாறு! ஏ, கல்லாறு வரது!"

கூடம் முழுக்க உயிர் வந்தது. பையன் ஒரே எட்டில் குழாயைப் பிடித்தான். ஒருத்தி அளவுக் குடுவையை அடியில் வைத்தாள், இன்னொருத்தி மேல் கருவியின் திரையைப் படமெடுத்தாள். ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்துக்குப் பதிலாக விட்டிருந்த தண்ணீர், அந்த அம்மாளின் கண் முன்னால், குடுவைக்குள் சடசடவென்று கொட்டியது. கீழ்க் கருவியின் திரை அப்போதும் எல்லாம் சுகம் என்றுதான் காட்டியது.

அந்த அம்மாள் குனிந்து குடுவையைப் பார்த்தார். "இதை நாங்கள் வரவில்லை என்று மூடினோம்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். "நம்பர் சொன்னபோது ஏன் யாரும் ஓடவில்லை? அவர் பிறகு கத்தியது என்ன?"

"அது ஒரு ஊர்ப்பெயர்," என்றேன். பொய்யில்லையே.

"ஊர்ப்பெயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வலியசாலைக்காரி முன்னால் வந்தாள். அவளுடைய ஆங்கிலத்துக்கு இலக்கணம் கொஞ்சம் குறைவு, தைரியம் ஜாஸ்தி. மேலே மழை மேடம், கீழே மழை இல்லை, குளிக்கிறவனுக்குத் தெரியாது, கடைக்காரனுக்குத் தெரியும் என்று கையால் மலையும் ஆறும் வரைந்து காட்டினாள். அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாப் பெயரையும் சொல்லுங்கள்," என்றார்.

சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். எப்போது வரும், வருவதற்கு முன் என்ன சத்தம் கேட்கும், யார் முதலில் கவனித்தது. ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனார். கட்டங்களைக் காட்டுவதற்கு அன்று நேரமே கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு கோளாறு மிச்சம் இருந்தது. கருவி திடீரென்று தொண்டை கிழியக் கத்தும். போய்ப் பார்த்தால் திரையில் ஒரு குறையும் இருக்காது. கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானாகவே அடங்கிவிடும். காரணமில்லாத சத்தம் என்று முடிவு கட்டி, அடுத்த மென்பொருளில் அதை அடக்கிவிடும்படி நாங்களே எழுதிக் கேட்டிருந்தோம். அதற்கு மட்டும் ஊர்ப்பெயர் கிடையாது, நம்பர்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"இதற்குப் பெயர்?" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மலையாளிப் பையன் மெதுவாக, "அது... ஒரு ஸ்தலப்பேரு தன்னெ," என்றான். மறுபடி கேட்டதும், கண்ணை மூடிக்கொண்டு, "கரமனை," என்றான்.

கரமனையிலிருந்து அந்தக் கூடத்துக்கு வருகிற ஒரே ஆள் நான்தான்.

"யாரு வச்ச பேருட்டீ இது?" என்று கத்தினேன். கூடமே அதிர்ந்தது. அடுத்த கணம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், வலியசாலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்த வேகத்திலேயே போயும் விட்டது. தானாகவே அடங்கிவிடும் என்று அவர்கள் சொன்னது சரிதான் போலும்.

மத்தியானம் கான்டீனில் கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் வாங்கிக் கொடுத்தேன். காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த அம்மாள் மனம்விட்டுப் பேசினார். மலிவு என்று நம்பி முன்பு ஒரு நாட்டுக்குப் போனார்களாம். சில வருஷத்தில் அங்கே எல்லாம் விலையேறிவிட்டது, பழகிய ஆட்களும் போய்விட்டார்கள், கட்டடம்தான் மிஞ்சியதாம். "அதிலிருந்து சம்பளக் கட்டத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்," என்றார்.

"பிறகு எதைப் பார்ப்பீர்கள்?"

"நீங்கள் எழுதி அனுப்புவதில் பாதிதான் எங்களுக்கு வந்து சேருகிறது. மீதி இந்தக் கூடத்திலேயே தங்கிவிடுகிறது. காகிதத்தில் வருவதை ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். காகிதத்தில் வராததை எப்படி வாங்குவது?" கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு எங்கள் போட்டிக் கம்பெனி உங்களிடம் வேலை கொடுத்தால்?"

"வாங்கிக்கொள்வேன். எனக்கு இத்தனை பேருக்குச் சம்பளம் போட வேண்டும்."

"அதுதான் என் பயம்," என்றார்.

இத்தனை நேர்மையாக ஒரு பெரிய கம்பெனிக்காரர் பேசி நான் கேட்டதில்லை. பந்திக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். தங்களிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். அது அடுத்தவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று பயந்துகொண்டும் வருகிறார்கள். பெட்டியில் போட்டு எடுத்துப் போக முடிந்திருந்தால் எடுத்துப் போயிருப்பார்கள். முடியாது என்பதால்தான் வீடு கட்டிக் குடிவருகிறார்கள்.

சில வாரங்களில் ஆலோசகர் போன் செய்தார். "வாழ்த்துகள் மேடம். உங்கள் ஊர்தான்."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அவர் தொடர்ந்தார். ஊழியர்கள் எல்லோரையும் நல்ல நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்வார்கள். என் கம்பெனிக்கு நியாயமான விலை கிடைக்கும். லேபுக்குத் தலைமை தாங்க வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரலாம் என்பது அவருடைய சிபாரிசு. எனக்குக் கௌரவ ஆலோசகர் என்று ஒரு பட்டம், ஒரு வருஷத்துக்கு.

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பலகை போனால் போகட்டும் என்று சொன்னவள் நான்தான், கேட்டது கிடைத்தும்விட்டது. ஆனால் என் கூடத்துக்குள் நானே விருந்தாளியாக வந்து, டீ குடித்து, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்ததும் துக்கமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "கேட்டுப் பாரேன், நீயே இருக்கேன்னு," என்றார்.

"நான் போய்க் கெஞ்சவா?"

"கெஞ்சச் சொல்லல்ல. கேக்கச் சொன்னேன். ஊரையே கேள்வி கேக்குறவ, உனக்காகக் கேக்க மட்டும் நாக்கு எழும்பாதா?"

நான் கேட்கவில்லை. மறுநாள் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, வருகிற வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொன்னேன். மற்றவர்கள் போனபிறகு வலியசாலைக்காரி என் மேஜைக்கு வந்தாள்.

"அப்போ நீங்க எங்கே இருப்பேள்?"

"வீட்டுலதான். வடாம் போடுவேன்."

"நீங்க போட்ட வடாத்தை நாங்க தின்னிருக்கோம் சேச்சி. அது வேண்டாம்." பிறகு கேட்டாள், "இங்கே ஏதாவது தப்பாப் போனா கத்தறதுக்கு யாரு?"

"புதுசா வாரவரு கத்துவாரு."

"அவருக்கு எதுக்குக் கத்தணும்னு தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு வீடியோ அழைப்பு ஏற்பாடாகியிருந்தது. கூடத்தில் எல்லோரும் பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் ஒரு திரையில், ஆலோசகர் இன்னொன்றில். நான் ஒரு சிறிய பிரியாவிடை உரையைத் தயாரித்து, காரில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். கண்ணியமான உரை. கோபம் ஒரு சொல்லிலும் கிடையாது.

நான் ஆரம்பிக்குமுன் அந்த அம்மாள் கையை உயர்த்தினார். "முதலில் ஒரு விஷயம். கரமனை."

எல்லோரும் சிரிப்பை அடக்கினார்கள்.

"நீங்கள் சொன்னபிறகு கருவியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்து வரும்போது, மின்சாரம் ஒரு நொடி வெட்டினால் அது கத்துகிறது. மின்சாரம் திரும்பி பேட்டரி கொஞ்சம் ஏறியதும் அடங்கிவிடுகிறது. திரையில் காட்டுவதற்கு நாங்கள் எழுதவில்லை, அதனால் காரணம் இல்லாதது போலத் தெரிகிறது. எங்கள் ஊரில் மின்சாரம் வெட்டுவதே இல்லை. அதனால் இங்கே ஒரு தடவைகூட இது கத்தியதில்லை." ஆலோசகரின் பக்கம் பார்த்தார். "நீங்கள் சிவப்பு போட்ட கட்டம்தான். இந்தக் கருவி போகப்போகிற ஆஸ்பத்திரிகளில் பாதியில் மின்சாரம் அப்படித்தான் இருக்கும். இதை அடக்கியிருந்தால், ஒரு நாள் உண்மையாகவே மின்சாரம் போகும்போது கருவி சத்தமில்லாமல் நின்றிருக்கும்."

கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஆக, அது சும்மா கத்தவில்லை," என்றார். "அதை அடக்கச் சொன்ன கோரிக்கையை நான் தள்ளிவிட்டேன். தலைமைக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டும் என்ற சிபாரிசையும் தள்ளிவிட்டேன். அந்தக் கூடத்தில் இருப்பது முழுவதும் எனக்கு வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் பணம் போடுகிறேன். கத்துகிறவரை மட்டும் வெளியே விட்டுவிட்டு எதை வாங்குவது?" என் பக்கம் திரும்பி, "நீங்கள் இருப்பீர்களா? உங்களிடம் யாருமே கேட்கவில்லை என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது," என்றார்.

யார் சொல்லித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் வலியசாலைக்காரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள், ரொம்ப மும்முரமாக.

இருப்பேன் என்று தலையை ஆட்டினேன். தயாரித்து வந்த உரை, நன்றி, சில நிபந்தனைகள், ஆலோசகருக்கு நறுக்கென்று ஒரு வார்த்தை, எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து முட்டின. வாயைத் திறந்தேன். வலியசாலைக்காரி என் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "சேச்சி, இப்பமாவது கொஞ்சம் மிண்டாம இருங்கோ," என்றாள்.

பேசாமல்தான் இருக்கப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அதுவும் சத்தமாகத்தான் வந்தது.